பீட்டில்ஸ்: மோனோ பெட்டியா, ஸ்டீரியோ பெட்டியா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் பாடல்களின் மாற்று வடிவங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், 2009 செப்டம்பர் 9 அன்று வெளியான மோனோ (இரு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இடம், வலம் எனப் பிரிந்த ஒலி) என்ற இரு குறுந்தகட்டுப் பெட்டிகளில் எதை முதலில் வாங்குவது என்று தயங்குவது இயல்பே.

முழுமை: ஸ்டீரியோ பெட்டியில் குழுவின் எல்லா ஆல்பங்களும் உள்ளன. மோனோ பெட்டியில் 'அபே ரோடு', 'லெட் இட் பி' இரண்டும் இல்லை. அவற்றுக்குத் தனி மோனோ ஒலிக்கலவை செய்யப்படவே இல்லை.

விலை: வெளிவந்தபோதே, தட்டுகள் குறைவாக இருந்தும், மோனோ பெட்டிக்கே விலை அதிகம்.

ஹெட்போனில் கேட்க: தொடக்க கால ஸ்டீரியோ ஆல்பங்களில் பாடும் குரல்கள் ஒரு காதிலும் வாத்தியங்கள் மறு காதிலும் பிரிந்து நிற்பது, எனக்கு இன்றும் உறுத்துகிறது. மோனோவில் அந்தத் தொல்லை இல்லை.

அரிய வேறுபாடுகள்: சேகரிப்பாளருக்கு முக்கியமானது இதுதான். 1967இல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ கலவைக்கே குழுவினர் நேரத்தைச் செலவிட்டனர். ஸ்டீரியோ கலவை, பெரும்பாலும் அவர்கள் இல்லாமலே, விரைவாக முடிக்கப்பட்டது. அதிலுள்ள 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது. மாறாக, 1968இன் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாடல் ஸ்டீரியோவில் தேய்ந்து மறைந்து மீண்டும் எழுகிறது. விரல்களில் கொப்புளம் என்று குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கத்தும் இறுதிக் கூச்சல் அதில் மட்டுமே உண்டு.

குழுவின் பாடல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் வேண்டுவோருக்கு ஸ்டீரியோ பெட்டி பொருந்தும். அவற்றை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்து, வேறுபாடுகளைத் தேடுவோர் மோனோவையே வாங்கலாம்.