ஃபார்மட் செய்யும் முன் டீஆக்டிவேட் செய்யுங்கள்: லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

'ஆயுட்கால லைசென்ஸ்' என்று சொல்லி விற்கப்படும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கவனத்துக்கு. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யப்போகிறீர்களா, மதர்போர்டை மாற்றப்போகிறீர்களா? முதலில் அந்த மென்பொருளைத் திறந்து லைசென்ஸை டீஆக்டிவேட் செய்யுங்கள், அதாவது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லைசென்ஸை விடுவித்துவிட்டதாக விற்றவரின் சர்வருக்குத் தெரிவியுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் போதாது. பல மென்பொருள்களில் அது உங்கள் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளை மட்டுமே அழிக்கும். விற்றவரின் சர்வரில் ஒரு ஆக்டிவேஷன் (ஒரு கம்ப்யூட்டரில் லைசென்ஸை இயக்கிய பதிவு) செலவான கணக்கு அப்படியே நிற்கும்.

மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாட்டுகிறார்கள். இரண்டு ஆக்டிவேஷன் அனுமதி. வாங்கியபோது ஒன்று போயிற்று, டிஸ்க் பழுதாகி மாற்றியபோது இன்னொன்று. விண்டோஸ் கெட்டுப்போய்த் திரும்ப ஏற்றினால், 'அனுமதித்த எண்ணிக்கை முடிந்தது' என்று வருகிறது. கம்ப்யூட்டரும் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். சப்போர்ட்டுக்கு எழுதினால், பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் பழைய ஆக்டிவேஷனை விடுவிப்போம் என்கிறார்கள். ஆயுளுக்கும் என்று விற்றதை இப்படி ஆண்டுச் சந்தாவாக மாற்றுவது ஏமாற்று வேலை.

கோளாறு எங்கே என்றால், மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் காணும் விதத்தில். டிஸ்க்கின் வால்யூம் எண், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (கார்டை அடையாளம் காட்டும் எண்), மதர்போர்டின் சீரியல் எண் போன்றவற்றைச் சேர்த்து ஒரு கைரேகை மாதிரி செய்துகொள்கிறது. இதில் வால்யூம் எண் ஒவ்வொரு ஃபார்மட்டிலும் புதிதாக உருவாகும். டிஸ்க் தயாரிப்பாளர் பதித்த சீரியல் எண்தான் மாறாது. சோம்பல்பட்டு வால்யூம் எண்ணை மட்டும் நம்பும் மென்பொருளுக்கு, ஃபார்மட் செய்த அதே கம்ப்யூட்டர் புதுக் கம்ப்யூட்டராகத் தெரியும். மேக் முகவரியும் அப்படித்தான். யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைக் கழற்றினாலோ, விபிஎன் நிறுவினாலோ, வைஃபையில் ரேண்டம் முகவரி வசதியை இயக்கினாலோ லைசென்ஸ் விழுந்துவிடலாம். இப்படித் திடீரென்று லைசென்ஸ் போனால் உடனே மறுபடி ஆக்டிவேட் செய்யாதீர்கள், இன்னொரு எண்ணிக்கை வீணாகும். கடைசியாக மாற்றியதைப் பழையபடி வைத்துப் பாருங்கள். மென்பொருளை ஒழுங்காகச் செய்தவர்கள் பல அடையாளங்களை எடுத்து, ஓரிரண்டு மாறினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொன்று. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போகும். காலாவதித் தேதியை ஏமாற்ற நீங்களே தேதியைத் திருத்தியதாக மென்பொருள் முடிவு செய்து பூட்டிக்கொள்ளும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திறக்கும்.

சில மென்பொருள்கள் டாங்கிளோடு வரும், அதாவது யுஎஸ்பியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சாவி. அந்த டாங்கிள் தொலைந்தால் லைசென்ஸே தொலைந்ததாகக் கணக்கிட்டு முழு விலை கேட்பவர்கள் உண்டு. உடைந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றைத் திருப்பி அனுப்பினால்தான் மாற்று கிடைக்கும் என்பது பல இடங்களில் விதி. டாங்கிளின் டிரைவரையும் அப்டேட் செய்து வையுங்கள். பரவலாகப் புழங்கும் ஒரு டாங்கிள் மென்பொருளில் 14 பாதுகாப்பு ஓட்டைகள் இருந்ததை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் 2018 ஜனவரியில் வெளியிட்டார்கள். அது ஃபயர்வாலில் 1947 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசலை) திறந்துவிடும், டாங்கிளைக் கழற்றிய பிறகும் மூடாது.

இத்தனை தொல்லையும் காசு கொடுத்தவருக்கு மட்டும்தான் என்பதுதான் மனதை உறுத்துகிறது. க்ராக் செய்கிறவர், அதாவது பூட்டை உடைத்துத் திருட்டுப் பிரதி எடுப்பவர், லைசென்ஸ் சோதனைப் பகுதியையே வெட்டி எறிந்துவிடுகிறார். சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அவர் பக்கம் அது ஓடவே ஓடாது. (அதற்காக க்ராக்கைத் தேடிப் போகாதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கோப்பில் பாஸ்வேர்ட் திருடும் நிரல் ஒளிந்திருப்பது சகஜம்.)

சர்வரை மூடினால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். ஃபோட்டோஷாப் அடங்கிய பழைய சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை மூடிய அடோபி, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை வாடிக்கையாளர்களுக்காக 2013-ல் வைத்தது. அது நல்ல முறை. 'தி க்ரூ' கார் விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் மூடியபோது, வாங்கியவர்கள் தனியாக விளையாடக்கூட வழியில்லாமல் போயிற்று.

திருட்டுப் பிரதியைத் தடுக்க விற்பவருக்கு உரிமை இருக்கிறது. அதற்கு டிஜிட்டல் கையொப்பமிட்ட (திருத்தினால் கண்டுபிடித்துவிடக்கூடிய) லைசென்ஸ் கோப்பு, இணையம் இல்லாமலும் 30 நாள் ஓடும் சலுகைக் காலம், பழைய கம்ப்யூட்டரை நாமே நீக்கிக்கொள்ளும் பக்கம் ஆகிய மூன்றும் போதும். டிஸ்க் செத்துப்போனால் அதிலிருந்து டீஆக்டிவேட் செய்ய முடியாது, ஆகவே மூன்றாவது இல்லாத மென்பொருளை வாங்காதீர்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ரசீது, லைசென்ஸ் கீ, அதே பதிப்பின் இன்ஸ்டாலர் மூன்றையும் வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். ஒரு வருட அப்டேட் மட்டும் சேர்ந்த லைசென்ஸ் என்றால் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். காலம் கடந்த பதிப்புக்கு மாறினால் உங்கள் கீயையே அது ஏற்காமல் போகலாம். பணம் திரும்பத் தரும் கெடு முடிவதற்குள் ஒருமுறை டீஆக்டிவேட் செய்து, வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, இணையத்தைத் துண்டித்துத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.