கோத்தகிரி மூடுபனியில் ஒரு தனி ஃப்ளாஷ்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

"மலையில் இயற்கையாகவே சாஃப்ட் லைட் இருக்கிறதே, போர்ட்ரெய்ட்டுக்கு ஃப்ளாஷ் எதற்கு?" என்று கீழே சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் கேட்பார்கள். மூடுபனி நாளில் வெளிச்சம் மென்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்குத் திசை கிடையாது. வானம் முழுவதிலிருந்தும் ஒரே மாதிரி இறங்குவதால் நெற்றியும் மூக்கும் வெளுக்கும், கண்குழி இருண்டுபோகும், கன்னம் தட்டையாகத் தெரியும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடும்பப் படங்களும் கல்யாண ஜோடிப் படங்களும் எடுக்கும் எனக்கு, கேமராவை விட்டு இறங்கி ஓரமாக நிற்கும் ஃப்ளாஷ்தான் அந்தத் திசையைத் தருகிறது.

என்னிடம் இருப்பது கோடாக்ஸ் கம்பெனியின் டிடி600 ஃப்ளாஷ். கேமரா தலையில் இருக்கும் ஹாட் ஷூ பொருத்தியில், ஃப்ளாஷை ரேடியோ வழியாக அடிக்கச் சொல்லும் எக்ஸ்2டி ட்ரிக்கர், ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குடை, அவ்வளவுதான். டிடி600-இல் டிடிஎல், அதாவது கேமராவே லென்ஸ் வழியாக அளந்து ஃப்ளாஷ் பவரைத் தானாக வைக்கும் வசதி, கிடையாது. முழு பவரிலிருந்து 1/128 வரை நாம்தான் கையால் வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளேயே இருப்பதால் தனி ரிசீவர் தேவையில்லை. டிடிஎல் இல்லாதது போர்ட்ரெய்ட்டுக்கு எனக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. ஆள் ஓர் இடத்தில் நிற்கிறார், ஃப்ளாஷும் ஓர் இடத்தில் நிற்கிறது. ஒருமுறை அளவு வைத்துவிட்டால் அடுத்தடுத்த படங்கள் ஒரே மாதிரி வரும். டிடிஎல்லில் பெண் வெள்ளைச் சால்வையைப் போர்த்தினால் ஓர் அளவு, எடுத்தால் வேறு அளவு என்று மாறிக்கொண்டே இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கும்போது மட்டும் இந்த ஃப்ளாஷ் சரிப்படாது, அங்கே டிடிஎல்தான் வேண்டும்.

இனி மூடுபனி. மேட்டுப்பாளையம் சாலையில் பனிக்குள் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும்: எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், ரோடு தெரியாது. கேமரா மேலேயே ஃப்ளாஷை வைத்து அடித்தாலும் அதேதான். லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கும் நீர்த்துளிகள்தான் முதலில், அதிகமாக ஒளிரும். ஆள் அந்த வெண்படலத்துக்குப் பின்னால் மங்கிவிடுவார். ஃப்ளாஷை ஆளுக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குள் கொண்டுபோனால், கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் பனியில் வெளிச்சம் அதிகம் படாது. தூரம் குறைவு என்பதால் 1/16 அல்லது 1/8 பவரே போதும். சுற்றுப்புற வெளிச்சத்தை ஷட்டரால் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துவிட்டால் பின்னால் தேயிலைச் சரிவு சாம்பல் பச்சையாக இறங்கி நிற்கும், முகம் அதிலிருந்து தனியாக எழும். கேமராவின் சாதாரண சிங்க் வேகத்துக்குள் (ஏறக்குறைய 1/200) இருக்கும்வரை ஷட்டர் வேகம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தொடாது, பின்னணியை மட்டும் மாற்றும். லென்ஸின் திறப்பான அபெர்ச்சர் இரண்டையும் சேர்த்து மாற்றும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

ஆளுக்குப் பின்னால் ஃப்ளாஷை மறைத்து வைத்து கேமரா பக்கம் திருப்பினால் கதை வேறு. நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதைவிட முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால் சின்ன பவரிலேயே தலையைச் சுற்றிப் பனி முழுக்க ஒளிர்ந்துவிடும். சில்வர் ஓக் மரத்தண்டு இருந்தால் ஸ்டாண்டை அதன் பின்னால் ஒளித்துவிடலாம். இந்தப் படத்துக்காகவே பனி இறங்கும் மதியங்களுக்கு நான் காத்திருப்பேன்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்க வைத்து எடுப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று பச்சை நிறம். இடுப்பளவு செடிகளிலிருந்து தெறிக்கும் பச்சை வெளிச்சம் தாடைக்குக் கீழும் கன்னத்திலும் ஏறும். கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸை) மாற்றினால் முகம் சரியாகும், தோட்டம் சிவந்துவிடும். ஃப்ளாஷ் பகல் வெளிச்ச நிறத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 5600 கெல்வினில் இருப்பதால், முகத்தில் அதன் பங்கு கூடக்கூட அந்தப் பச்சை அமுங்கிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது பெரிய வித்தியாசம். சாயங்காலம் பனி நீலம் பூக்கும்போது ஃப்ளாஷ் முன்னால் கால் பங்கு அடர்த்தியுள்ள ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒட்டிக்கொள்வேன். தோல் சூடாகவும் பின்னணி குளிர்ச்சியாகவும் நிற்கும்.

படுகர் ஹட்டிகளில் (அவர்களின் ஊர்களில்) பாட்டிமார்களை எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. வீட்டாரிடமும் அவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் பையையே திறப்பேன். வெள்ளை உடுப்பும் வெயிலில் உழைத்த முகமும் ஒரே படத்தில் வரவேண்டும். ஃப்ளாஷ் பக்கத்தில் இருந்தால் தோள்துணி வெளுத்துப்போய் நூல் தெரியாது. குடையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அதன் நடுப்பகுதியை முகத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் முன்னால் திருப்பினால், விளிம்பு வெளிச்சம்தான் அவர்மேல் விழும். துணியின் மடிப்பும் இருக்கும், முகத்தின் சுருக்கமும் இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கும் இதே உயரம்தான் மருந்து, கண்ணாடியில் குடையின் வெள்ளை வட்டம் விழாது.

"கண்ணு கூசுமா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

"கூசாது பாட்டி, ஓரமாத்தான் மின்னும்" என்று சொல்லி, முதலில் என் உள்ளங்கையில் அடித்துக் காட்டினேன். அதிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுகிறேன். பயம் போனபிறகு வரும் முகம் வேறு.

காற்று இன்னொரு விஷயம். கொடநாடு மாதிரி திறந்த விளிம்புகளில் குடை ஸ்டாண்டோடு பறக்கும். மஞ்சப்பையில் கல் போட்டு ஸ்டாண்டில் தொங்கவிடலாம், ஆனால் கையில் பிடிக்க ஓர் ஆள் இருப்பதுதான் நல்லது. கூட வரும் பையன், "அண்ணா, காத்து தூக்குது" என்றால் அதற்குமேல் அங்கே குடை வேண்டாம், மடக்கிவிட்டு வெறும் ஃப்ளாஷை ஏதாவது வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பிக்கொள்வோம். பொழுது சாய்ந்தால் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கும். அதற்கு முன்பே ஸ்டாண்டைச் சுருட்டிக் கிளம்பிவிட வேண்டும். அவற்றின் பக்கம் ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் கிடைக்கும் அல்கலைன் செல்கள் குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். எனலூப் மாதிரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் நான்கு போட்டால் குளிரிலும் சீராகச் சார்ஜ் ஏறும். முழு பவரில் அடுத்த ஃப்ளாஷுக்கு 2.6 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. கால் பவரில் காத்திருப்பதே தெரியாது. மாற்று செல்களை ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்துக்கொள்கிறேன்.

ஈரம்தான் உண்மையான எதிரி. குளிரிலிருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் திறந்தால் எல்லாவற்றிலும் நீர் பூக்கும். பை வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை ஜிப் போட்டே இருக்கட்டும். நனைந்த ஃப்ளாஷை ஆன் செய்யவே கூடாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 300 வோல்ட் வரை சார்ஜ் ஏறும், செல்லைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்கும். அதனால் வீட்டில் பிரித்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை எடுத்துச் சில தடவை அடித்து வைப்பது கெப்பாசிட்டருக்கு நல்லது.

ஜனவரி வெயிலில்தான் இந்தச் சின்ன ஃப்ளாஷ் திணறுகிறது. காலையில் உறைபனி, பத்து மணிக்கு நிர்மலமான வானம், கண்ணைக் கூசும் வெளிச்சம். ஐஎஸ்ஓ 100, 1/200 ஷட்டர் வைத்து, பின்னணியை ஒரு ஸ்டாப் குறைத்தால் அபெர்ச்சர் எஃப்/16 பக்கம் போய்விடும். ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் இதற்கு 60, அதுவும் 200 மிமீ ஜூமில் குவித்தால்; அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும். கணக்குப்படி முழு பவரில் மூன்றே முக்கால் மீட்டர் எட்டும், ஆனால் அது குடையில்லாத முரட்டு வெளிச்சம். குடை போட்டால் ஒரு மீட்டரில்கூடத் தட்டுத்தடுமாறும். சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கவிடும் ஹை ஸ்பீட் சிங்க்கில் ஷட்டரை ஏற்றினால் அபெர்ச்சரைத் திறக்கலாம், ஆனால் பவர் இன்னும் விழும். அந்த நாட்களில் ஜோடியை மர நிழலுக்குள் நகர்த்திவிடுகிறேன். திறந்தவெளிதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், 200 வாட்-செகண்ட் ஆற்றல் இருக்கும், கோடாக்ஸின் பெரிய ஃப்ளாஷான ஏடி200-ஐ வாடகைக்கு எடுக்கிறேன். அதே எக்ஸ்2டி அதையும் இயக்கும். டிடி600 அப்போது பின்னால் நின்று முடிக்கு விளிம்பு வெளிச்சம் கொடுக்கும்.