வீட்டில் மெதுவாகவா, வெளியில் வேகமாகவா? மின்சார காரும் மூன்று வித சார்ஜிங்கும்

என் கார் டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் 150 கிலோவாட் வரை இழுக்கும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அந்த 150 என்ற எண்ணைத் திரையில் நான் பார்த்த நிமிடங்களையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அந்த எண்ணை நம்பித்தான் வீட்டில் எதுவும் பொருத்தாமல் முதல் ஆறு மாதம் ஓட்டினேன், பக்கத்திலேயே ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறதே, எதற்கு வீண்செலவு என்று. அப்புறம் வால்பாக்ஸ், அதாவது வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டி, போட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வால்பாக்ஸ் பக்கம்.

முதலில் சாதாரண பிளக் பாயிண்ட். 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். கார் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவு முழுக்கப் பத்து மணி நேரம் செருகி வைத்தால் கழிவு போக 130 கி.மீ. கிடைக்கும். தினமும் நாற்பது ஐம்பது கி.மீ. ஓட்டுபவருக்கு இது தாராளம், மேலே படிக்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயம். வீட்டு பிளக் இப்படிப் பத்து மணி நேரம் முழு லோடில் இருக்கும் என்று நினைத்து யாரும் வயர் இழுத்திருக்க மாட்டார்கள், பிளக் கொஞ்சம் லூசாக இருந்தாலும் சூடாகி உருகும். தனி லைன், நல்ல எர்த், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டரும் பம்பும் விழித்திருந்து சில நூறு வாட் தின்னும். 7.4 கிலோவாட்டில் அது தெரியாது, 2.3-இல் தெரியும். மெதுவாக ஏற்றினால் மின்சாரம் மிச்சம் என்று பலர் நினைப்பது தலைகீழ்.

அடுத்தது வால்பாக்ஸ். 32 ஆம்பியர், சிங்கிள் ஃபேஸ், 7.4 கிலோவாட். எட்டு மணி நேரத்தில் 59 யூனிட், அதாவது கழிவைக் கழித்தாலும் 340 கி.மீ.க்கு மேல். இதை சார்ஜர் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இது புத்திசாலித்தனமான ஒரு சுவிட்ச்தான். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டிசி மின்சாரமாக மாற்றுகிற நிஜ சார்ஜர் (ஆன்போர்டு சார்ஜர்) காருக்குள் இருக்கிறது, வேகத்தின் உச்சவரம்பு அதன் கையில். அதனால் 7.4 மட்டும் எடுக்கக்கூடிய காருக்கு 22 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 7.4-தான் ஏறும், விற்பவர் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார். வாங்கும் முன் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். த்ரீ ஃபேஸ் 11, 22 கிலோவாட்டை நான் பயன்படுத்தியதில்லை, ஆனால் ராத்திரியில் தூங்கும்போது ஏறுகிற காருக்கு அது எதற்கு என்பது என் எண்ணம்.

இனி ஃபாஸ்ட் சார்ஜர். இது காருக்குள் இருக்கும் சார்ஜரைத் தாண்டி, டிசி மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கே கொடுக்கும். 50, 150, 350 என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் அந்தப் பெட்டியால் அதிகபட்சம் தர முடிந்தது. நம் கார் வாங்கிக்கொள்வது வேறு. பேட்டரி 10 முதல் 40 சதவீதம் வரை இருக்கும்போது வேகம் உச்சத்தில் இருக்கும், பிறகு படிப்படியாக இறங்கும், 80-ஐத் தாண்டினால் ஆமை. காரணம் பேட்டரிக்குள்தான். லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் புகுந்து இடம் பிடிக்க வேண்டும், காலி இடம் குறையக் குறைய அவசரப்படுத்தித் திணித்தால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அது பேட்டரிக்குக் கேடு. அதனால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பேட்டரி குளிர்ந்திருந்தாலும் இதே கதை. பல கார்களில் சார்ஜரை நேவிகேஷனில் போட்டுவிட்டுக் கிளம்பினால் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும், அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

பேட்டரி 800 வோல்ட்டில் இயங்கும் கார்கள் இதில் கெட்டி. ஹூண்டாய் ஐயோனிக் 5 காரில் 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அது 350 கிலோவாட் பெட்டி கிடைத்தால். அதே கார் 50 கிலோவாட் பெட்டியில் நின்றால் ஒரு மணி நேரமாவது ஆகும். கார் வாங்கும்போது உச்ச கிலோவாட்டைக் கேட்காதீர்கள், 10-80 எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், அப்புறம் நீங்கள் போகும் பாதையில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது வேகமே இல்லை. காத்திருப்பது யார் என்பதுதான். வீட்டில் எட்டு மணி நேரம் ஆகிறது, அதில் என் நேரம் கன்னை (சார்ஜிங் கேபிளின் முனையை) செருக இருபது விநாடி, காலையில் பிடுங்க இருபது விநாடி. மிச்சமெல்லாம் காரின் நேரம், அது எப்படியும் சும்மாதான் நிற்கப்போகிறது. ஃபாஸ்ட் சார்ஜரில் நாற்பது நிமிடம் என்றால் அந்த நாற்பதும் என்னுடையது. அதோடு போகிற நேரம், வரிசை, ஆப் திறந்து, முன்பணம் போட்டு, கியூஆர் ஸ்கேன் ஆகாமல் மறுபடி முயன்று, கன் பூட்டிக்கொண்டு, பிடுங்கி மறுபடி செருகி... அந்த ஆறு மாதத்தில் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு 11 சதவீதத்தோடு போய் நிற்கிறேன், இரண்டு கன்னில் ஒன்று செத்துக் கிடக்கிறது, மற்றதில் ஒரு கார் 92 சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, ஓட்டி வந்தவரைக் காணோம். உதவி எண்ணுக்கு அழைத்தால் தங்கள் திரையில் இரண்டும் வேலை செய்வதாகவே காட்டுகிறது என்றார்கள்! வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. அடுத்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டேன்.

மேப்பில் புள்ளி தெரிந்தால் சார்ஜர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் புள்ளி 7 கிலோவாட் ஏசியாக இருக்கலாம். உங்கள் காருக்குப் பொருந்தாத சாடெமோ என்கிற ஜப்பானிய வகைக் கன்னாக இருக்கலாம் (சார்ஜ் ஆவதற்குள் ஒரு தேநீர் குடிக்கலாமா என்று கேட்கும் ஜப்பானியச் சொல்லாடலின் சாயல் அந்தப் பெயரில் உண்டு, வரிசையில் நிற்பவருக்கு ஒரு தேநீர் போதாது). இரண்டு கன் உள்ள 120 கிலோவாட் பெட்டியாக இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்ததும் பல பெட்டிகளில் ஆளுக்கு அறுபதாகப் பிரிந்துவிடும். நான் இப்போது பார்ப்பது இரண்டே விஷயம்: எத்தனை கன், கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாக சார்ஜ் செய்தார்கள். பிளக்ஷேர் போன்ற ஆப்களில் பயனர்கள் அதைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள், கம்பெனியின் சொந்த ஆப்பைவிட அதை நம்பலாம்.

செலவில் பெரிய விவாதமே இல்லை. பல இடங்களில் பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு யூனிட் வீட்டு விலையைவிட இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். கொள்ளை என்று திட்டுவதற்கில்லை, பெரிய மின் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், இடவாடகை, பாதி நாள் காலியாக நிற்கும் இயந்திரம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. கணக்கு இப்படிப் போடுங்கள்: மாதம் 1200 கி.மீ. ஓட்டினால் 180 யூனிட். வெளியில் இரண்டு மடங்கு விலை என்றால், வால்பாக்ஸ் மாதாமாதம் 180 யூனிட்டின் வீட்டு விலையை மிச்சப்படுத்துகிறது. அதைக்கொண்டு எலக்ட்ரீஷியன் சொன்ன தொகையை வகுத்தால் எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்று வந்துவிடும். இரவில் மின்சாரம் மலிவு என்கிற இடமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நிமிடக் கணக்கில் பணம் வாங்கும் சார்ஜராக இருந்தால் 80-க்கு மேல் நிற்கவே நிற்காதீர்கள், ஊர்கிற நேரத்துக்கும் அதே விலைதான். ஏறி முடிந்த பிறகும் காரை எடுக்காவிட்டால் அபராதம் போடுவதை டெஸ்லா 2016-இலேயே தொடங்கிவிட்டது, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அடிக்கடி ஃபாஸ்ட் சார்ஜ் செய்தால் பேட்டரி கெடுமா என்று கேட்டால், என் கார் இரண்டே வயது, என் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். உறைய வைக்கும் குளிரிலும் ஓட்டியதில்லை.

நெடுந்தூரப் பயணத்துக்கு ஃபாஸ்ட் சார்ஜர் இல்லாமல் எனக்கும் ஆகாது. அப்போது 100 வரை ஒரே மூச்சில் ஏற்றுவதில்லை, 10-இலிருந்து 60 வரை இரண்டு முறை ஏற்றுவேன், மொத்த நேரம் குறைவு. சொந்தமாக நிறுத்துமிடம் இல்லாதவருக்கு என் வால்பாக்ஸ் வாதம் உதவாது. அவர்கள் அலுவலகத்திலோ கார் மணிக்கணக்கில் நிற்கும் வேறெங்கோ ஏசி சார்ஜர் கிடைக்குமா என்று முதலில் தேடலாம். அதுவும் இல்லையென்றால், குறைந்தது நான்கு கன் உள்ள இரண்டு வேறு வேறு நிலையங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எனக்கு அப்போது இருந்தது ஒன்றே ஒன்று.