விண்டோஸ் 11ஆ, பழைய 10ஆ, லினக்ஸ் மின்ட்டா? மலையகத்துப் பழைய கொம்பியூட்டர்களுக்கு எது பொருந்தும்

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 ஒக்டோபரில். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை. ஹட்டனில் போட்டோகொப்பியும் டைப்செட்டிங்கும் செய்யும் கொமினிகேஷன் கடையில் கேட்டாலும் சரி, தலவாக்கலையில் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்கும் டீச்சரிடம் கேட்டாலும் சரி, பேச்சு ஒரே மாதிரித்தான் தொடங்கும். ஸ்டார்ட் பட்டன் இடது மூலையை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது. ரைட் கிளிக் பண்ணினால் பாதி மெனுதான் வருகிறது, மிச்சத்துக்கு இன்னொரு கிளிக். கட், கொப்பி, பேஸ்ட் என்று எழுத்தில் இருந்ததெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகிவிட்டன. சமையலறையில் உப்புப் போத்தலை யாரோ இடம் மாற்றி வைத்ததுபோல, தெரிந்த வேலைக்கே கை தடுமாறுகிறது.

இந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். நாள் முழுக்க ஃபைல்களைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு கிளிக் கூடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் இதில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் டாஸ்க்பார். அங்கே போய் ஐகன்களை இடது பக்கம் தள்ளிவிடலாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் பண்ணினால் பழைய முழு மெனு வந்துவிடும். மைக்ரோசொஃப்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஃபைலை டாஸ்க்பாரில் இழுத்துப் போடும் வசதி 2022இல் திரும்பியது. திறந்திருக்கும் ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023இல் வந்தது. கட், கொப்பி படங்களுக்குக் கீழே 2024இல்தான் பெயர் போட்டார்கள். இருந்ததைப் பிடுங்கிவிட்டுத் திருப்பித் தருவதற்கே மூன்று வருடம்!

இது முதல் தடவையும் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டு, திரை முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கியது. சனம் திட்டித் தீர்த்தது. அடுத்த வருடம் 8.1இல் பட்டன் வந்தது, 2015இல் விண்டோஸ் 10இல் மெனுவும் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போடக்கூடிய லினக்ஸ் பக்கமும் இதே கதை நடந்திருக்கிறது. 2011இல் லினக்ஸின் டெஸ்க்டொப்களில் ஒன்றான குனோம் 3 பழைய மெனுவையும் டாஸ்க்பாரையும் ஓரங்கட்டியபோது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைச் செய்கிறவர்கள் குனோம்காரர்கள் மனம் மாறும்வரை காத்திருக்கவில்லை. சினமன் என்று தாங்களே ஒரு டெஸ்க்டொப்பை எழுதினார்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி. இன்றைக்கு விண்டோஸ் 7 பழகியவர் கைக்கு அதிகம் அடங்குவது, என் பார்வையில், மைக்ரோசொஃப்ட் செய்யாத இந்த மின்ட்தான்.

(2025 செப்டெம்பரில் மெக் கொம்பியூட்டர்களுக்குக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் புதிய தோற்றம் வந்தபோது, எழுத்தே தெளிவாகத் தெரியவில்லை என்று மெக் பாவிப்பவர்களும் புலம்பினார்கள். அந்த விலைக்கு நம்மில் எத்தனை பேர் போகப்போகிறோம், அதை விட்டுவிடுவோம்.)

நம் ஊரில் உண்மையான பிரச்சினை தோற்றமே இல்லை. கொம்பியூட்டர் பெட்டிதான் பிரச்சினை. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ரொசெசர். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல். மலையகத்துக் கடைகளிலும் வீடுகளிலும் ஓடுகிறவை, கொழும்பில் ஏதோ ஒரு ஒஃபிஸில் உழைத்து ஓய்ந்த பிறகு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா மாதிரியான இடங்களிலிருந்து செகண்ட் ஹேண்டாக மலையேறிய நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள். 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து 360க்குப் போன பிறகு புதுசு வாங்கும் யோசனையைப் பலர் கைவிட்டார்கள். ஆகவே இங்கே ‘11 பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், பல நேரம் அதன் பொருள் ‘என் பெட்டியில் ஏறவில்லை’ என்பதுதான்.

சரி, அப்படியென்றால் 10லேயே இருந்துவிடலாமா? இருக்கலாம், கொஞ்ச காலத்துக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதற்காகக் கொம்பியூட்டர் அன்றைக்கே நின்றுவிடவில்லை, பாதுகாப்பு அப்டேட் வருவதுதான் நின்றது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசொஃப்ட் அறிவித்தது: மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லை, இல்லாவிட்டால் 30 டொலர். கடைக்காரருக்கு 10லேயே இருப்பதுதான் பொருத்தம் என்பேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவஞ்சலி மடல் எல்லாம் போட்டோஷொப்பிலும் கோரல்ட்ராவிலும் பாமினி எழுத்துருவில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தவர் அவர். அந்த ஃபைல்களை மின்ட்டில் பத்திரமாகத் திறக்க முடியாது. ஆனால் ஒன்று: ஊர்ப் பிள்ளைகளின் பென்டிரைவ் எல்லாம் வந்து செருகப்படும் பெட்டியும் அதுதான். அப்டேட் இல்லாத விண்டோஸுக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. டிசைன் பெட்டியை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, பிரின்ட் எடுக்க வருகிறவர்களுக்கு வேறொரு பெட்டியை ஒதுக்கினால் நல்லது.

அடுத்து, ஏறாத பெட்டியில் 11ஐ வலுக்கட்டாயமாக ஏற்றும் வழி. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம் சோதனையை நீக்கிவிடலாம். ‘செய்து தாறோம் அண்ணே’ என்று சொல்லும் கடைகளுக்குக் குறைவில்லை. செய்தால் ஓடும், மாதாந்த அப்டேட்டும் பொதுவாக வரும், ஆனால் மைக்ரோசொஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வருடத்துக்கொரு முறை வரும் பெரிய பதிப்பைத் திரும்பவும் கையால்தான் ஏற்ற வேண்டும். 2024 பதிப்பு கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகளில் தொடங்கவே தொடங்காது, அந்த ப்ரொசெசர்களில் இல்லாத கட்டளை ஒன்றை அது கேட்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு 11ஐ ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தகுதியான பெட்டி கையில் இருந்தால் 11 நல்லதுதான், தோற்றத்துக்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பட்டனோடு ஸெட்டை அழுத்தி ஜன்னல்களைப் பக்கம் பக்கமாக அடுக்குவது, கையெழுத்துப் பிரதியின் ஸ்கேனைப் பார்த்து டைப் பண்ணுகிறவருக்குப் பெரிய உதவி. இப்போதைய நோட்பேட் சேவ் பண்ணாத எழுத்தையும் வைத்திருக்கும். பின்னேர மழையில் இடி முழங்கிக் கரண்ட் போகும் ஊர்களில் இதன் அருமை தெரியும்.

11இல் நான் பயப்படுவது மெனுவுக்கு இல்லை, கணக்குக்கு. ஹோம் பதிப்பை முதன்முதலில் திறக்கும்போதே இன்டர்நெட்டும் மைக்ரோசொஃப்ட் கணக்கும் கேட்கும். சிக்னல் எட்டாத தோட்டத்து வீட்டில் அதுவே ஒரு பாடு. அதனால் பலர் கடையிலேயே எல்லாவற்றையும் முடித்துத் தரச் சொல்கிறார்கள், கடைப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு ஈமெயிலைத் திறந்து போட்டுவிடுகிறான். 2024 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான பெட்டிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். மதர்போர்டில் ஏதாவது மாறி ஒருநாள் நீலத் திரையில் சாவியைக் கேட்டால், யாருடையது என்றே தெரியாத ஈமெயிலில் உங்கள் பிள்ளையின் படங்கள் மாட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும்போதே, ‘தம்பி, என் ஈமெயிலைப் போடுங்க’ என்று சொல்லிவிடுங்கள், பாஸ்வேர்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மின்ட் பக்கம் வருவோம். மின்ட் 22 வந்தது 2024 ஜூலையில், 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் சினமன் ஓடும், 2 ஜிபி மட்டும் என்றால் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். டவுன்லோட் ஏறக்குறைய 3 ஜிபி, மொபைல் டேட்டாவை ரீலோட் பண்ணிப் பாவிப்பவர் நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ நல்ல வைஃபை உள்ள இடத்தில் இறக்குவது புத்தி. உள்ளே போனால் அப்டேட்டை எப்போது போடுவது என்பது உங்கள் கையில். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும்? ஸூம் ஓடுகிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் பிரவுசரில் திறக்கிறது, பைதன் உள்ளேயே இருக்கிறது. களவாக ஏற்றிய விண்டோஸையும் கிரெக் பண்ணின ஒஃபிஸையும் விட இது எவ்வளவோ சுத்தம்.

ஆனால் டீச்சர்மாருக்கு அவ்வளவு சுலபமில்லை. வேர்டில் செய்த வினாத்தாளை மின்ட்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் எழுத்து வரும், அட்டவணையும் படமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாமினியை நிறுவலாம், அது சாதாரண எழுத்துரு ஃபைல்தான், இரண்டு கிளிக்கில் ஏறும். சிக்கல் வேறிடத்தில். பாமினியில் ஆங்கிலச் சின்ன ‘எம்’ அடித்தால் ‘அ’, பெரிய ‘எம்’ அடித்தால் ‘ஆ’. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி லிப்ரே ஒஃபிஸில் ஆரம்பத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ‘அம்மா’ என்று தொடங்கினால் ‘ஆம்மா’ என்று நிற்கும். ஓட்டோ கரெக்டை நிறுத்தினால் போதும். புதிதாகப் போட்ட வேர்டிலும் இதே தொல்லைதான், பழைய பெட்டியில் யாரோ எப்போதோ நிறுத்தி வைத்ததால் மறந்துவிட்டோம். தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடில் அடிப்பவருக்கு இந்தப் பாடே இல்லை. விண்டோஸ் 10இல் 2019இலிருந்தே தமிழ் ஃபொனெடிக் (ஒலிப்படி அடிக்கும்) விசைப்பலகை கூடவே வருகிறது, மின்ட்டிலும் ஐபஸ் என்ற விசைப்பலகைக் கருவி வழியாக ஃபொனெடிக், தமிழ்99 இரண்டையும் சேர்க்கலாம்.

பெரும்பாலும் பிரவுசரிலேயே வேலை நடக்கும் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் சிலர் கேட்கிறார்கள். எல்லா நேரமும் இணைப்பு இருக்கும் வீட்டுக்குச் சரி. கூகுள் டொக்ஸில் பாமினியை ஏற்ற முடியாது என்பதோடு எனக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

தோட்ட ஒஃபிஸில் செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு) போடும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை. அங்கே கொம்பனி சொல்வதுதான் சட்டம்.

மற்றவர்கள் முடிவெடுக்கும் முன் பிரின்டரைப் பாருங்கள். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் மின்ட்டில் செருகியவுடன் வேலை செய்யும். எப்சனின் மை ஊற்றும் எல் வரிசைக்கும் டிரைவர் உண்டு. கெனன் எல்பிபி 2900 மாதிரியான பழைய லேசர்களுக்குத்தான் லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டிவரும், நம் பக்கம் அவை நிறையவே இருக்கின்றன. பென்டிரைவில் மின்ட்டை எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் பண்ணி, உங்கள் பிரின்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, பென்டிரைவைக் கழற்றிவிட்டு வழக்கம்போல விண்டோஸ் 10ஐத் திறங்கள். நிறுவாதவரை டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது.