பிடிஐ தூள்: தொட்டிக்குப் பலன், சாக்கடைக்கு வீண்

குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று ட்ரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்காத வீடு தருமபுரிப் பக்கம் குறைவு. டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடமும் அதுதான். அதன் புழுவைக் கொல்லவென்று விற்கும் 5 சதவீத பிடிஐ தூளை, அதாவது தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் பாக்டீரியா மருந்தை, தாராளமாக வாங்கலாம், பயன்படுத்தத் தெரிந்தால்.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. உரக்கடையில் ‘பிடி’ என்று மட்டும் கேட்டால், தக்காளிக் காய்ப்புழுவுக்கு அடிக்கும், அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாகி வகையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கொசுப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. பொட்டலத்தில் ‘இஸ்ரேலென்சிஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். 1976இல் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழு செத்துக் கிடந்த குட்டையில் கண்டெடுத்த பாக்டீரியா அது.

புழு வாய்மயிரால் தண்ணீரை விசிறி, நுண்துகள்களை வடித்துத் தின்னும். அதோடு பாக்டீரியாவின் புரதப் படிகமும் உள்ளே போகிறது. புழுக்குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து நஞ்சாகி, குடல் சுவரில் ஓட்டை போடும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் புழு செத்து அடியில் கிடக்கும். தின்றால்தான் சாவு. காற்புள்ளி போல வளைந்து துள்ளும் கூட்டுப்புழு எதையும் தின்னாது. மறுநாள் அது நீந்துவதைப் பார்த்து ‘மருந்து போலி’ என்பது தவறு. சின்னப் புழுவாக இருக்கும்போதே போட வேண்டும்.

அளவுக்கு ஆழம் கணக்கில்லை, மேற்பரப்புதான். பொட்டலத்தில் எக்டேருக்கு 5 கிலோ என்றிருந்தால், சதுர மீட்டருக்கு அரை கிராம். 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தொட்டிக்கு 1.5 கிராம் போதும். கைப்பிடியாக அள்ளிக் கொட்டுவது காசுக்குக் கேடு. ஒரு மக் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பரவலாகத் தெளியுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

சாக்கடையில் ஏமாற்றம்தான். அழுக்குத் துகள் நிறைய இருப்பதால் புழு அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. படிகமும் சேற்றோடு அடியில் படிந்துவிடும். அங்கே ஸ்பேரிகஸ் என்ற வேறொரு பாக்டீரியா மருந்து நின்று வேலை செய்யும். ஆனால் டெங்கு கொசுப்புழுவிடம் அது பலிக்காது. ஸ்பேரிகஸுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற க்யூலெக்ஸ் எனும் சாக்கடைக் கொசுக்களும் உண்டு. பிடிஐயில் பல நச்சுப் புரதங்கள் சேர்ந்து தாக்குவதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

வெயில் பட்டால் வீரியம் சீக்கிரம் குறையும். திறந்த தொட்டிக்கு வாரம் ஒருமுறை புழுவைப் பார்த்து மறுபடி போட வேண்டியிருக்கும். கப்பி மீனுக்கு ஆபத்தில்லை. குடிக்கும் தண்ணீருக்கு, அதற்கென்று அனுமதி பெற்ற தயாரிப்பு தவிர வேறெதுவும் வேண்டாம். முட்டையை எந்த பிடிஐயும் தொடாது. ட்ரம்மின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புப் பொடி போல ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை மண் தரையில் கொட்டுங்கள்.