மிஷனரிக் குடும்பங்களுக்கான ஆயத்த முகாம்: போய்வந்த அனுபவம்

"தேவனுடைய அழைப்பு உங்களுக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கா?" முதல் வகுப்பிலேயே கேட்டுவிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. வெளிநாட்டு ஊழியத்துக்கு ஜெபித்து முடிவெடுத்தது இருவரும்தான். ஆனாலும் அதுவரை என்னைத் தனியாக யாரும் கேட்டதில்லை.

1793இல் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி இந்தியாவுக்குக் கப்பலேறுமுன் மனைவி டாரதி வர மறுத்ததையும், தன் சகோதரி துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகே கிளம்பியதையும், வங்காளத்தில் மகனைப் பறிகொடுத்து மனம் பேதலித்து 1807இல் இறந்ததையும் மறைக்காமல் சொன்னார்கள். அந்த ஒரு வகுப்புக்காகவே போகலாம். மொழிப் பயிற்சி பரவாயில்லை.

பிள்ளைகள் பகுதிதான் சொதப்பல். சிநேகிதிகளைப் பிரிவதைப் பற்றி என் மகளிடம் ஒருவரும் பேசவில்லை; வண்ணம் தீட்ட உட்கார்த்திவிட்டார்கள். 12 வயதுக்காரிக்கு கிரேயானா!