டெண்டரா, நேரடி ஒப்பந்தமா, சொந்தத் தயாரிப்பா? போர் விமானம் வாங்க இந்தியா போன மூன்று வழிகள்

விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. மிக்-21 விமானங்கள் ஓய்வு பெற்ற 2025 செப்டம்பரில் எஞ்சியவை 29. இந்தக் குறையை ஈடுகட்ட டெல்லி மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டது.

முதலில் திறந்த டெண்டர். 2007-இல் 126 விமானங்களுக்கு விடப்பட்டது. ஆறு விமானங்கள் போட்டியிட்டன. வாங்கும் விலையோடு நிற்காமல், ஆயுட்காலப் பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பார்த்து, 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேலை ‘எல்-1’, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டது, என்று அறிவித்தார்கள். முறை நேர்த்தியானதுதான். பேரம் இழுபட்டது வேறிடத்தில். 108 விமானங்களை அரசுத் துறை விமான நிறுவனமான எச்.ஏ.எல். இந்தியாவில் கட்ட வேண்டும். அதற்குப் பிரெஞ்சு நிறுவனத்தைப்போல 2.7 மடங்கு உழைப்பு நேரம் பிடிக்கும் என்று அரசே பின்னர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கூடுதல் செலவு யார் தலையில்? இங்கே கட்டிய விமானத்தின் தரத்துக்கு யார் பொறுப்பு? மூன்று ஆண்டுகள் பேசியும் முடிவில்லை. ஒரு விமானம்கூட வராமலே டெண்டர் கைவிடப்பட்டது.

அடுத்தது அரசுக்கு அரசு ஒப்பந்தம். 2015 ஏப்ரலில் பாரிஸில் அறிவிப்பு, 2016 செப்டம்பரில் கையெழுத்து. 36 ரஃபேல், ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். 2020 ஜூலையில் முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கின. 2022 முடிவதற்குள் எல்லாம் வந்துவிட்டன. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 126 எப்படி 36 ஆனது என்பதற்கு மனம் ஒப்பும் பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. பழைய விலைப்புள்ளியைவிட 2.86 சதவீதம் மலிவு என்றது தணிக்கை அறிக்கை. அதில்கூட விலைகள் மறைக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தம் நிறைவேறும் என்பதற்குப் பிரான்ஸ் தந்ததும் அரசு உத்தரவாதம் அல்ல, ஓர் உறுதிக் கடிதம்தான்.

மூன்றாவது, எச்.ஏ.எல். இங்கேயே கட்டும் உள்நாட்டு இலகு ரகப் போர் விமானம் தேஜஸ். 1983-இல் அனுமதி, 2001-இல் முதல் பறப்பு, 2016-இல் முதல் அணி. அந்த அணி 2018-இல் சூலூருக்கு மாறியது. தாமதத்துக்கு எச்.ஏ.எல்.லை மட்டும் திட்டுவது வழக்கமாகிவிட்டது. 2006-இல் 20, 2010-இல் 20 என்று கிள்ளிக் கொடுத்தால் எந்த ஆலை உற்பத்தியைப் பெருக்கும்? 83 விமானங்களுக்கான பெரிய ஆர்டர் 2021-இல்தான் வந்தது. அதற்கும் அமெரிக்க எஞ்சின் முட்டுக்கட்டை போட்டது: விமானங்கள் 2024 மார்ச் முதல் வர வேண்டியவை, அவற்றுக்கான முதல் எஞ்சினே 2025 மார்ச்சில்தான் வந்தது.

ஆனாலும் என் ஓட்டு தேஜஸுக்கே. 2025 செப்டம்பரில் மேலும் 97-க்கு 62,000 கோடிக்கு மேல் ஒப்பந்தமானது; இந்த ஆர்டர் பத்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டும். அவசரத் தேவைக்கு ரஃபேல் போன்ற நேரடிக் கொள்முதல் இருக்கட்டும், விலையை நாடாளுமன்றக் குழுவுக்காவது முழுதாகக் காட்டினால்.